சாங்கிச் சிறையின் ஒட்டுப்போர்வைகள்

கிழிந்த சேலையைத் தூளியாகக் கட்டுவதும், மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு விரிப்பாக்குவதும் தோட்டத்து லயங்களில் நம் பெண்கள் நாளும் செய்துவந்த வேலை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலைக்கொண்டே பூவும் மீனும் தைத்து அதற்குக் ‘காந்தா’ என்று பெயரிட்டனர்; நமது ‘கந்தை’ என்னும் சொல்லும் அதற்கு உறவே. அவர்கள் அதனைக் கலையென்று போற்ற, நாமோ ஏழ்மையின் அடையாளமென்று ஒதுக்கினோம். கந்தல் சரித்திர ஏடாகவும் ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரே சாட்சி.

1942 பிப்ரவரி 15-ல் இந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே, பெரும்பாலும் ஐரோப்பியரான பெண்களும் குழந்தைகளும் சுமார் 400 பேர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களின் கணவன்மார் சிலர் அதே சிறையின் மறுபுறத்திலும், சிலர் அப்பாலுள்ள இராணுவ முகாம்களிலும் இருந்தனர். உயிரோடிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வழியில்லை.

சிறையிலிருந்த சிறுமியர் சிலர், தங்கள் சாரணியத் தலைவி எலிசபெத் என்னிஸுக்குப் பிறந்தநாள் பரிசாகத் துண்டுத் துணிகளை இணைத்து, தத்தம் பெயரைத் தைத்து ஒரு போர்வை செய்தார்கள். அதுவே தூண்டுகோல். செஞ்சிலுவைச் சங்கத் தொண்டரான கனடா நாட்டு எதல் முல்வானி முன்னின்று, பெண்களுக்கு ஆளுக்கொரு சதுரத் துணி கொடுத்து, தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் தைத்துப் பெயரும் இடச் சொன்னார். இவ்வாறு சதுரத்துக்குச் சதுரம் இணைத்து, போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் ஆயின. மலர் தைத்தார் ஒருவர். சிறைக் கொட்டடியையே தைத்தார் மற்றொருவர். காவலர் கண்ணுக்கு அது பொழுதுபோக்கு. பெயரைத் தேடிய கணவனுக்கோ அதுவே கடிதம்!

ஒன்று பிரிட்டிஷ் வீரருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு. மூன்றாவது, காயமுற்ற ஜப்பானிய வீரருக்கு. மற்ற இரண்டையும் வெளியே விடச் செய்த தந்திரம் என்பர் சிலர். தந்திரமாகவே இருக்கட்டும், சிறை வைத்தவனின் புண்ணுக்கும் இரங்கி ஊசி பிடித்த கை அது. யுத்தம் முடிந்தபின் போர்வைகளைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டுமென்றும் பின்புறத்தில் தைத்து வைத்தனர். இன்று இரண்டு கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று இலண்டன் செஞ்சிலுவைச் சங்கத்திலும் உள்ளன. பெயர்கள் அழியவில்லை.

மார்சிலிங் கரையில் நின்றால் எதிரே ஜொகூர் தெரியும். அதற்கப்பால் பரந்த மலாயா நாட்டிலிருந்து, அதே யுத்த காலத்தில், 70,000 பேருக்கு மேல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். துணிப் பஞ்சத்தில் கோணிச் சாக்கை உடுத்தி, காலராவில் மாண்டவர் எத்தனையோ ஆயிரம். காஞ்சனபுரியில் வெள்ளை வீரருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவரைக் கூட்டங்கூட்டமாகக் குழியிலிட்டார்கள். பெயர் எழுதிய ஒரு சாண் சாக்குத் துண்டுகூட அக்குழிகளின்மேல் இல்லை.