புல்லுக்கு அரசு கொடுத்த விலை

ஜான் ஸ்டைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலை வாசித்தவர்கள் ஓக்லஹோமாவின் புழுதியை மறந்திருக்க மாட்டார்கள். உழுத மண் காற்றில் பறந்த கதை அது. அதே முப்பதுகளில், கலப்பையே படாத நிலங்களும் அமெரிக்காவின் மேற்கில் செத்துக்கொண்டிருந்தன. அவை மேய்ச்சல் நிலங்கள். அவற்றைக் காக்க அரசுப் பணம் இறங்கிய வரலாறு நாவல்களில் அதிகம் இடம்பெறவில்லை. ஆனால் அதற்குள்ளும் கண்ணீர் உண்டு.

சிக்கலின் வேர் 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. குடியேறும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்றது அச்சட்டம். மழை பொழியும் கிழக்குப் பகுதிக்கு அது போதும். வறண்ட மேற்கிலோ ஒரு மாட்டுக்கே பல பத்து ஏக்கர் வேண்டியிருக்கும். நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அளித்த அறிக்கையில், மேய்ச்சல் பண்ணை ஒவ்வொன்றுக்கும் 2,560 ஏக்கர் வேண்டும் என்று எழுதினார். அதை எவரும் செவிமடுக்கவில்லை. விளைவாக, நீருள்ள துண்டுகள் மட்டும் தனியாருக்குப் போக, எஞ்சிய பெருவெளி அரசின் பெயரில் கேட்பாரற்றுக் கிடந்தது. முந்தி வந்தவர் மேய்த்தார். இன்று என் மாடு விட்டுவைக்கும் புல்லை நாளை இன்னொருவரின் ஆடு தின்னும் என்றால், விட்டுவைப்பவர் யார்?

1886-87 குளிர்காலத்தில், ஏற்கெனவே மேய்ந்து தீர்ந்திருந்த சமவெளியில் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. அதன் பின்னும் போட்டி ஓயவில்லை. மாட்டுக்காரர்களுக்கும் ஆட்டுக்காரர்களுக்கும் இடையிலான பகை துப்பாக்கி வரை சென்றது. 1909-இல் வயோமிங்கின் ஸ்பிரிங் கிரீக்கில் ஆட்டிடையர் தரப்பில் மூவர் கொல்லப்பட்டனர்.

ஒரு மாற்றுவழி மொன்டானாவில் 1928-இல் தோன்றியது. மிஸ்பா, பம்ப்கின் கிரீக் ஓடைகளை ஒட்டிய நிலங்களைப் பண்ணைக்காரர்கள் ஒன்றுசேர்த்து, இத்தனை கால்நடைதான் என்று வரையறுத்து மேய்த்தனர். புல் மீண்டும் தழைத்தது. கொலராடோவின் எட்வர்ட் டெய்லர் மத்திய அரசின் கட்டுப்பாட்டை நெடுங்காலம் எதிர்த்தவர். அவரே பின்னர் மனம் மாறிக் கொண்டுவந்த மேய்ச்சல் சட்டத்தில் 1934 ஜூன் 28 அன்று ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். திறந்தவெளி மேய்ச்சலின் காலம் அன்று முடிந்தது.

சட்டத்தை நடத்த வந்த ஃபாரிங்டன் கார்ப்பென்டர் தாமே ஒரு பண்ணைக்காரர். ஹார்வர்டில் சட்டமும் பயின்றவர். அவர் மாவட்டந்தோறும் பண்ணைக்காரர்களைக் கொண்டே ஆலோசனைக் குழுக்களை அமைத்தார். 1936 முதல் மாதத்துக்கு மாடு ஒன்றுக்கு 5 சென்ட் கட்டணம். வசூலில் கால் பங்கு நிலச் சீரமைப்புக்கும் பாதி மாநிலங்களுக்கும் சென்றது. சொந்த நிலமோ நீருரிமையோ உள்ளவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. மந்தையைத் தவிர வேறேதும் இல்லாத நாடோடி இடையர்கள் வெளியே தள்ளப்பட்டனர்.

அதே ஆண்டுகளில் அதே நோக்கத்தோடு நவஹோ பழங்குடியினரின் நிலத்திலும் அரசு இறங்கியது. சிறைவைக்கப்பட்டிருந்த அம்மக்கள் 1868-இல் ஊர் திரும்பியபோது, 15,000 ஆடுகளைத் தர ஒப்பந்தத்தில் உறுதியளித்ததும் இதே அரசுதான். அறுபது ஆண்டுகளில் மந்தைகள் பெருகின, மண் அரித்தது. இது பொய்யல்ல. அந்த மண் கொலராடோ ஆற்றில் எழுந்துகொண்டிருந்த ஹூவர் அணையைத் தூர்த்துவிடும் என்ற அச்சமும் அதிகாரிகளுக்கு இருந்தது. மந்தையைக் குறைக்க ஆணை பிறந்தது. அரசு ஆடுகளை விலைக்கு வாங்கியது. கொண்டுசெல்ல வழியற்ற ஆடுகள் பல சுடப்பட்டு, நின்ற இடத்திலேயே அழுக விடப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி பெண்களின் உடைமை. வெள்ளாடு ஏழைக் குடும்பத்துக்குப் பாலும் இறைச்சியும் தந்த செல்வம். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றபோது, பெரிய மந்தைக்காரர் நோஞ்சானைக் கொடுத்துத் தப்பினார்; சிறியவர் வாழ்வை இழந்தார். 1935-இல் பழங்குடியினருக்கான சீர்திருத்தச் சட்டத்தை நவஹோ மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்ததற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

பிற்காலத்தில் அரசின் கை மென்மையானது. 1996-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் தோற்றுவித்த சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், தனியார் பண்ணைக்காரர் நிலத்தைச் செப்பனிட ஆகும் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை ஏற்கிறது. வேலை எளியது. மாடு நீரை விட்டு வெகுதூரம் போகாது. ஓடைக்கரைப் புல்லை வேரோடு கடிக்கும், எட்டத்துப் புல் முற்றி வீணாகும். ஆகவே குழாய் பதித்து எட்டத்தில் தொட்டி வைப்பது, வேலியிட்டு நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது, படரும் புதர்களை அகற்றுவது ஆகியவற்றுக்கே பணம்.

பொதுநிலத்துக் கணக்கு வேறு. 2004 நிதியாண்டில் மேய்ச்சலுக்காக அரசுத் துறைகள் குறைந்தது 14.4 கோடி டாலர் செலவிட்டன. கட்டணமாக வந்தது சுமார் 2.1 கோடி. இதைச் சலுகை என்பாரும் உண்டு. பண்ணைகள் வீட்டுமனைகளாகச் சிதறாமல் காக்கும் விலை என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி வேறொன்று. கொலராடோவின் பண்ணைக்காரரிடமும் நவஹோ மூதாட்டியிடமும் அரசு சொன்னது ஒரே உண்மையைத்தான்: நிலம் தாங்காது. முன்னவருக்குக் குழுவில் இருக்கை கிடைத்தது. பின்னவருக்குக் கிடைத்தது, செத்த ஆட்டுக்கான சில நாணயங்கள். புல் திரும்ப முளைப்பதற்கு மழையும் ஓய்வும் போதும். நம்பிக்கை அப்படி முளைப்பதில்லை. நவஹோ முதியவர்கள் அந்த ஆண்டுகளின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்.