ஓசூரில் பிறந்த மூன்றரை மில்லிமீட்டர்

மெல்லிய கைக்கடிகாரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1979-லேயே ஸ்விட்சர்லாந்தின் கான்கார்ட் டெலிரியம் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வந்துவிட்டது. விலை சாமானியருக்கு எட்டாதது. டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் தொண்ணூறுகளில் ஓசூர் பொறியாளர்களிடம் கேட்டது வேறு: மெல்லியதாகவும் இருக்க வேண்டும், தண்ணீரும் புகக் கூடாது, நம் ஊர்க்காரர் வாங்கி தினமும் கட்டவும் வேண்டும்.

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் டைட்டன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கியே ஓசூர் ஆலையை ஓட்டினார்கள். அந்த மண்ணில்தான் தேசாய் கேட்ட மெல்லிய கைக்கடிகாரம், எட்ஜ், உருவானது.

சிக்கல் எங்கே என்றால், தண்ணீரைத் தடுக்க ரப்பர் வளையம் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். பக்கவாட்டில் நேரம் திருத்தும் திருகின் தண்டு நுழையத் துளை வேண்டும். கூடு மெலிந்தால் அழுத்தத்தில் வளையும். வளைந்தால் உள்ளே இருக்கும் சக்கரங்கள் உரசும். இயந்திரத்தை 1.15 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். பேட்டரியும் அதற்கேற்ப மெலிந்தாக வேண்டும். முள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழல்வதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் உயரம் கேட்கும். எனவே நொடிமுள்ளே இல்லை. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் மட்டும். 2002-ல் விற்பனைக்கு வந்தபோது மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர்; 30 மீட்டர் நீரழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் கூடு. முகப்பில் அலங்காரம் மிகக் குறைவு. அதன் அழகில் பாதி அந்த நொடிமுள் இல்லாததில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2016 ஜனவரியில் அதே நிறுவனம் எச்.பி.யுடன் சேர்ந்து ஜக்ஸ்ட் என்ற ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுவந்தது. வழக்கமான முள்களை விட்டுவைத்து, முகப்பிலேயே ஒரு சின்னத் திரையைப் பொருத்தினார்கள். இப்போதைய ஸ்மார்ட் வாட்சுகளில் முகப்பு முழுவதுமே திரை. அடி எண்ணிக்கை, இதயத் துடிப்பு, வானிலை, பேட்டரி அளவு என எதையும் சேர்க்கலாம். ஒன்றைச் சேர்க்க ஒரு மைக்ரான் உயரமும் கூடுவதில்லை. அதனாலேயே முகப்புகள் திணறுகின்றன. ஒரு முகப்புத் தீமில் இதயத் துடிப்பு இடப்பக்கம், அடுத்ததில் கீழே; ஒன்றில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு. ஓடிக்கொண்டே மணிக்கட்டைப் பார்ப்பவர் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? தீம் மாறட்டும், இடம் மாறக் கூடாது. ஓஎல்இடி திரையில் கருப்புப் புள்ளி ஒளிர்வதில்லை, மின்சாரம் மிச்சம். ஆகவே பின்னணியைக் கருப்பாக விடுவது அழகுக்காக மட்டுமல்ல.

வட்டத் திரையில் மேலும் கீழும் வரிகள் குறுகும். சின்ன ஆங்கிலச் சொல் தப்பித்துவிடும்; நீளமான தமிழ்ச் சொல் தப்பாது. "புறப்பட்டுவிட்டேன்" என்று வீட்டிலிருந்து வரும் செய்தி ஓரத்தில் அறுபடும். ஓசூரிலும் பெங்களூரிலும் வாட்ச் செயலி எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முகப்பை நீளமான தமிழ்ச் சொற்களை வைத்துச் சோதித்த பிறகு வெளியிடுங்கள்.