காகிதத்தில் ஏறாத காரணம்

மேலூர் தாலுகா கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க சேரியில புருசன் பொண்டாட்டி சண்டை வீட்டுக்குள்ள நிக்காது, தெருவுக்கு வந்துரும். அதனால காரணமும் எல்லார் காதிலயும் விழும். "இவ வாய்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்பான் அவன். "கூலியப் பூராக் குடிச்சுப்புட்டு என் வாயச் சொல்றியா" என்பாள் அவள்.

அப்பத்தா காலத்தில் இது சேரிக் கூட்டத்துக்குப் போகும். ஒத்துவரவில்லை என்றால் பெரியாம்பளைக அத்து விடுவார்கள். பரிசம் போட்டது மாப்பிள்ளை வீடு. அதைத் திருப்பித் தரணுமா என்பதற்காகவே யார் மேல் குத்தம் என்று விடிய விடியப் பேசுவார்கள். பெண் ஓரமாக நின்றுதான் காரணம் சொல்லணும். அதைச் சுதந்திரம் என்று பெருமை பேச நான் தயாரில்லை. ஆனாலும் விலகி வந்து இன்னொருத்தரைக் கட்டிக்கிட்ட அப்பத்தாமார் எங்களிடம் உண்டு. மணவிலக்கு புதுசல்ல, சூத்திரர் எனப்பட்டவர்களிடம் வழக்கத்தில் இருப்பதுதான் என்று இந்து சட்ட மசோதா விவாதத்தில் அம்பேத்கர் வாதாடினார். மசோதா முடங்கியதையும் ஒரு காரணமாகச் சொல்லி 1951இல் பதவி விலகினார். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு வழக்காற்று மணவிலக்கை விட்டுவைத்தது.

பிறகு காரணம் சொல்லும் இடம் மாறியது. 1983இல் 498ஏ பிரிவு வந்தது. 1992இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம். சுமார் 20 வருசத்துக்கு முன்னால் என் சின்னம்மா மகள் ஒரு நிலையத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அவள் சொன்னது இது: "நாத்து நட்டுட்டு வந்தா கூலியப் புடுங்குறாரு. நெலத்துக்காரன் என்னயக் கேலி பேசுனதுக்கு என்னயவே சந்தேகப்பட்டு அடிக்கிறாரு." மனுவில் எழுதப்பட்டது: வரதட்சணை கேட்டுக் கொடுமை. 498ஏ வரதட்சணையை மட்டும் சொல்லவில்லை, உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கடுமையான கேடு விளைவிக்கக்கூடிய கொடுமையையும் சொல்கிறது. (2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆவது பிரிவுகள்.) "வரதட்சணைன்னு போட்டாத்தாம்மா கேசு நிக்கும்" என்றார்கள். நிலத்துக்காரன் காகிதத்தில் ஏறவே இல்லை.

பின்னொரு நாள் அவள் புருசனிடம் கேட்டேன், அவனை ஏன் கேட்கவில்லை என்று. "அவன எப்படிண்ணே கேக்குறது? நாளைக்கும் அவன் வயலுக்குத்தான போகணும்" என்றான். அடி அவள் முதுகில்தான் விழுந்தது என்பதை இந்தப் பதில் மாற்றிவிடாது. ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்ன காரணம் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது.

மனுக்களை வைத்து தலித் குடும்ப வரலாறு எழுத வரும் மாணவத் தோழர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாணத்தில் வரதட்சணை என்ற பேச்சே கிடையாது. மாப்பிள்ளை வீடு ஒரு சேலையும் 51 ரூபாயும் பரிசம் போட்டது. கேசு சமரசத்தில் முடிந்தது. இருவரும் மறுபடி அதே வயலுக்குப் போனார்கள்.