வேம்பைக் கும்பிட்டோம்!

வேம்புக்கு மஞ்சள் பூசினோம். அதன் அடியிலே சூலம் நட்டோம். சேலை சுற்றிச் சிரம் தாழ்த்தினோம். அம்மை கண்ட வீட்டு வாயிலிலே அதன் இலையைக் கொத்துக் கொத்தாய்ச் செருகினோம். பூச்சி ஏன் அந்த இலையை அண்டுவதில்லை என்று மட்டும், நூற்றாண்டுகள் பல உருண்டோடியும், நாம் கேட்டோமில்லை!

அறிந்திருந்தோம் என்பதில் ஐயமில்லை. நெற்குதிரிலே காய்ந்த வேப்பிலையைப் போட்டுவைத்தவள் நம் பாட்டி. அந்தி சாயும் வேளையிலே தொழுவத்தில் வேப்பிலை மூட்டம் போட்டுக் கொசுவை விரட்டியவன் நம் உழவன். மாட்டின் புண்ணிலே ஈ மொய்க்காதிருக்க வேப்பெண்ணெய் தடவியதும் அவனே. எழுத்து மறுக்கப்பட்ட மக்களின் கையிலே இருந்தது அந்த அறிவு. அதைத் துருவி ஆராய்ந்திருக்க வேண்டிய படிப்பாளிகளோ, மரத்திலே மாரி குடியிருக்கிறாள் என்ற கதையோடு மனநிறைவு கொண்டனர்!

1959ஆம் ஆண்டு. சூடான் நாட்டிலே வெட்டுக்கிளிப் படை இறங்கிற்று. பச்சை என்று கண்டதையெல்லாம் பாழாக்கிய அப்படை, வேப்ப மரங்களை மட்டும் விட்டுச் சென்றது. அதைக் கண்ணுற்றவர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர். நம்மவர் நாள்தோறும் கண்டது போன்ற காட்சிதான். ஆனால் அவர் கைகூப்பவில்லை, காரணம் தேடினார்!

நம் நாட்டிலே தேடியவர் இல்லாமற் போகவில்லை. 1962இல் புதுடில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதான் குழுவினர், வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து, 0.1 விழுக்காடு அளவிலே நீரில் கலந்து பயிருக்குத் தெளித்தனர். வெட்டுக்கிளி வந்து அமர்ந்தது, தின்னவில்லை! 1968இல் பட்டர்வொர்த், மார்கன் எனும் இருவர் இங்கிலாந்திலே அந்தக் கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். பூச்சியின் பசியை அது கெடுக்கிறது. மீறித் தின்ற புழுவோ தோலுரிக்க இயலாமல் மடிகிறது. சோதனைச்சாலையிலே அப்பொருளை முழுமையாக ஆக்கிக் காட்ட 2007 வரை ஆயிற்று என்றால், அந்தக் கசப்பின் நுட்பம் விளங்கும்.

காரணம் கேளாததற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. வேம்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வழக்காடினர் பலர். மன்றத்திலே மாரியின் மகிமை எடுபடுமா? முன்னரே இந்தியாவில் அதைச் செய்து பார்த்தவரின் சாட்சியம் எடுபட்டது! 2000இல் உரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

அம்மையை ஓட்டியதும் இந்த இலைதான் என்பார் இன்றும் உளர். அம்மை பூச்சியன்று, இலை கண்டு ஓடுவதற்கு! அதை ஒழித்தது தடுப்பூசி. பெரியம்மை ஒழிந்தது என 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

தேங்காயெண்ணெயிலே 2 விழுக்காடு வேம்பெண்ணெய் கலந்து உடலிலே பூசி, டில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தினர் 1990களிலே சோதித்தனர். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு பெரிதும் விலகிற்று. வேறு சில கொசுவினங்கள் அவ்வளவாக விலகவில்லை. பூச்சியை விரட்டும் எண்ணெய் எல்லாம் எல்லா உயிருக்கும் ஏற்றதுமன்று. அடர்ந்த தைலங்களைப் பூனையின் உடல் எளிதில் முறித்து வெளியேற்றாது. நாய்க்குப் பூசுவதைப் பூனைக்கும் பூசுவோர் இதை எண்ண வேண்டும். மலேசியாவிலே, சிறு நோய்க்கு மருந்தென வேம்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்ததால் பச்சிளங் குழந்தைகள் வலிப்புக் கண்டு, ஈரலும் மூளையும் கெட்டு, சில மாண்டும் போயின; 1981இல் மருத்துவ ஏடு அதை வெளியிட்டது. புகட்டியவர்கள் பகைவரல்லர், வேம்புதானே, என்ன செய்துவிடும் என்று நம்பிய வீட்டார்!