பூட்டை அழித்ததால் போன ஒன்பது பதிவுகள்

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களை மூன்று கணினிகளிலிருந்து ஒரே அட்டவணைக் கோப்பில் பதிந்துகொண்டிருந்தோம். ஒரு மாலை பார்த்தால், அன்று தாய்மார் வந்து சொல்லிவிட்டுப் போன ஒன்பது பதிவுகள் இல்லை. வைரஸ் என்றார்கள். வைரஸ் அல்ல.

நாங்கள் பாவித்தது லிப்ரே ஒபிஸ். ஒருவர் கோப்பைத் திறந்ததும் அதே கோப்புறையில் மறைவாக ஒரு பூட்டுக் கோப்பு உருவாகும். திறந்தவரின் பெயர், கணினி, நேரம் அதற்குள் இருக்கும். இன்னொருவர் திறக்கப்போனால், வாசிக்க மட்டும் திறக்கவா, பிரதியைத் திறக்கவா என்று கேட்கும். கோப்பை மூடினால் பூட்டும் அழியும். மின்சாரம் நின்று கணினி அணைந்தால் அழியாது. எங்கள் பக்கம் மின்சாரம் நிற்பது புதினமில்லையே. பூட்டைக் கண்டாலே 'பழசு' என்று அழிக்கப் பழகிவிட்டோம்.

அன்று அது பழசல்ல. அடுத்த அறையில் ஒருவர் பதிந்துகொண்டிருந்தார். அவர் சேமித்த பின் நான் சேமிக்கப்போனபோது, கோப்பு இடையில் மாறியுள்ளது, மேலெழுதவா என்று மென்பொருள் கேட்டது. 'ஓம்' கொடுத்தது நான்தான்.

ஒன்பது வீடுகளுக்கும் திரும்பப் போனோம். "அண்டைக்குச் சொன்னதை எழுதேல்லையோ பிள்ளை?" என்று ஓர் அம்மா கேட்டார்.

இப்போது பூட்டிலுள்ள பெயரைப் பார்த்து, அவரிடம் கேட்காமல் எவரும் அழிப்பதில்லை. கருவிகள் பட்டியில் விரிதாளைப் பகிரும் வசதியும் உண்டு: பலர் சேர்ந்து பதியலாம், ஒரே கட்டத்தை இருவர் மாற்றினால் எதை வைப்பது என்று சேமிக்கும்போது கேட்கும். பட்டியல் நீண்டால் தரவுத்தளமே நல்லது. அங்கே பூட்டு பெரும்பாலும் முழுக் கோப்புக்கல்ல, திருத்தும் அந்த ஒரு பதிவுக்குத்தான்.