ஹனகோ யானை

ஹனகோ (1947 – 26 மே 2016) ஜப்பானில் வாழ்ந்த ஆசிய யானை. தாய்லாந்தில் பிறந்த இந்தப் பெண் யானை 1949-ஆம் ஆண்டு இரண்டரை வயதுக் குட்டியாகத் தோக்கியோவுக்கு வந்தது. உவேனோ உயிரியல் பூங்காவிலும், 1954 முதல் முசாஷினோ நகரிலுள்ள இனோகாஷிரா பூங்காவிலும் வளர்ந்தது. 69 வயதில் இறந்தபோது ஜப்பானிலேயே மூத்த ஆசிய யானை அதுதான். கிச்சிஜோஜி ரயில் நிலையத்தின் முன் அதற்கு வெண்கலச் சிலை உள்ளது.

'ஹனகோ' என்றால் மலர்க்குழந்தை என்று பொருள். தமிழில் மலர், பூங்கோதை என்று பெயரிடுவதைப் போல ஜப்பானில் ஒரு தலைமுறைப் பெண்களுக்குப் பரவலாக இடப்பட்ட பெயர் அது. யானைக்கு அது பெயராக வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. உவேனோவில் அதற்கு முன்பே ஒரு ஹனகோ இருந்தது. அந்த யானை 1943-இல் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டது. பின்னால் வந்த குட்டி, இறந்த யானையின் பெயரைத் தாங்கி ஏறத்தாழ 67 ஆண்டுகள் வாழ்ந்தது.

முதல் ஹனகோ

உவேனோ உயிரியல் பூங்கா 1882-இல் திறக்கப்பட்டது. ஜப்பானின் மிகப் பழைய உயிரியல் பூங்கா அதுவே. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே மூன்று யானைகள் இருந்தன. ஜான் என்ற ஆண் யானையும் டோங்கி என்ற பெண் யானையும் 1924-இல் இந்தியாவிலிருந்து சென்றவை. மூன்றாவது யானை 1935-இல் தாய்லாந்திலிருந்து வந்த வான்ரி. வான்ரிக்கு ஜப்பானியர் இட்ட பெயர்தான் ஹனகோ.

1943 ஆகஸ்ட் 16 அன்று, பூங்காவிலுள்ள ஆபத்தான விலங்குகளைக் கொல்லும்படி உத்தரவு வந்தது. விமானத் தாக்குதலில் கூண்டுகள் உடைந்தால் சிங்கமும் கரடியும் யானையும் தெருவுக்கு வந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பூங்காவின் இயக்குநர் கோகா தடாமிச்சி அப்போது ராணுவப் பணியில் இருந்ததால், பொறுப்பு இயக்குநர் ஃபுகுடா சபுரோ அந்த வேலையை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

உத்தரவின் மூலம் தோக்கியோ ஆளுநர் ஓடாச்சி ஷிகேயோ. அவர் அதற்குச் சற்று முன்புவரை, ஜப்பானியர் பிடித்து 'சியோனான்' என்று பெயர் மாற்றியிருந்த சிங்கப்பூரின் மேயராக இருந்தவர். போர் எந்தத் திசையில் செல்கிறது என்பதைத் தெற்கே நேரில் கண்டு திரும்பியிருந்தார். தலைநகர மக்களோ இன்னும் வெற்றிச் செய்திகளை நம்பிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் போரின் கடுமையை உணர்த்தவே, எல்லோருக்கும் பிரியமான விலங்குகளைப் பலியாக்க அவர் முடிவு செய்தார் என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். 1942 ஏப்ரலில் நடந்த ஒற்றைத் தாக்குதலைத் தவிர அதுவரை தோக்கியோவின் மீது குண்டு விழுந்திருக்கவில்லை. பெரும் தாக்குதல்கள் தொடங்கியது 1944 நவம்பரில்தான்.

ஃபுகுடா யானைகளைக் காப்பாற்ற முயன்றார். டோங்கியைச் செண்டாய் நகரப் பூங்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். செண்டாயும் ஏற்க முன்வந்தது. ஆளுநர் அதை அனுமதிக்கவில்லை.

மற்ற விலங்குகள் பெரும்பாலும் நஞ்சினால் கொல்லப்பட்டன. யானைகள் நஞ்சு கலந்த உணவைத் தொடவில்லை. துப்பாக்கிச் சத்தம் அக்கம்பக்கத்தாரைக் கலவரப்படுத்தும் என்பதால் சுடுவதும் தவிர்க்கப்பட்டது. எஞ்சிய வழி பட்டினி. முரட்டு யானையான ஜானுக்கு உத்தரவு வருவதற்கு முன்பே உணவு நிறுத்தப்பட்டிருந்தது. அது ஆகஸ்ட் 29 அன்று இறந்தது. வான்ரி செப்டம்பர் 11 அன்றும், டோங்கி செப்டம்பர் 23 அன்றும் இறந்தன. பராமரிப்பாளர்களைக் கண்டபோதெல்லாம் அவ்விரு யானைகளும் தாங்கள் கற்ற வித்தைகளைச் செய்துகாட்டி உணவு கேட்டன என்பது பின்னர் பரவலாகச் சொல்லப்பட்ட நினைவு.

உயிருடன் இருந்தபோதே அஞ்சலி

1943 செப்டம்பர் 4 அன்று, பூங்காவிலுள்ள விலங்கு நினைவுக்கல்லின் முன் கொல்லப்பட்ட விலங்குகளுக்குப் பௌத்த முறைப்படி அஞ்சலிச் சடங்கு நடந்தது. துறவிகள் ஓதினர். ஆளுநர் ஓடாச்சியும் பள்ளிக் குழந்தைகளும் கலந்துகொண்டனர். இறந்த விலங்குகள் நாட்டுக்காக உயிர்நீத்த தியாகிகளாகப் போற்றப்பட்டன.

அந்த நாளில் வான்ரியும் டோங்கியும் இறந்திருக்கவில்லை. கருப்பு வெள்ளைப் பட்டைத் துணி கட்டி யானைக் கொட்டடி மறைக்கப்பட்டிருந்தது. உள்ளே இரண்டு யானைகளும் பசியுடன் நின்றிருந்தன, வெளியே அவற்றின் ஆன்மா அமைதியடையப் பிரார்த்தனை நடந்தது. வான்ரி அதன்பின் ஒரு வாரமும், டோங்கி ஏறத்தாழ மூன்று வாரமும் உயிரோடிருந்தன.

ஜப்பானில் தம்மால் உயிரிழந்த விலங்குகளுக்குச் சடங்கு செய்வது பழைய வழக்கம். செய்த செயலுக்கான வருத்தத்தைத் தெரிவிப்பதே அதன் உள்ளடக்கம். 1943-இல் நடந்த சடங்கு அந்த வருத்தத்தை வேறு பக்கம் திருப்பியது. செய்தியறிந்த குழந்தைகள் பூங்காவுக்குக் கடிதங்கள் எழுதினர். விலங்குகளின் சாவுக்குப் பகைநாட்டின் மேல் கோபம் கொண்ட கடிதங்களும் அவற்றில் இருந்தன. உத்தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழாமல் போயிற்று.

பெயரோடு வந்த குட்டி

போர் முடிந்தபோது உவேனோவில் யானை இல்லை. நகோயாவின் ஹிகாஷியாமா பூங்காவில் மட்டும், இயக்குநர் கிதாவோ எய்இச்சியின் விடாமுயற்சியால், மகானி, எல்டோ என்ற இரண்டு யானைகள் போரைத் தாண்டிப் பிழைத்திருந்தன. அவற்றில் ஒன்றைத் தரும்படி தோக்கியோ குழந்தைகள் கேட்டனர். இணைபிரியாத அந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதனால் 1949-இல் குழந்தைகளை நகோயாவுக்கு அழைத்துச் செல்லச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. 'யானை ரயில்' என்று அவை அழைக்கப்பட்டன.

அதே ஆண்டில் தோக்கியோ குழந்தைகள் எழுதிய கடிதங்கள் இந்தியப் பிரதமர் ஜவஹர்லால் நேருவை எட்டின. அவர் மைசூரிலிருந்து ஒரு பெண் யானையை அனுப்பினார், தம் மகளின் பெயரையே அதற்கு இட்டார். இந்திரா என்ற அந்த யானை 1949 செப்டம்பர் இறுதியில் உவேனோவை அடைந்தது. கன்னடத்தில் சொன்னால்தான் அதற்குப் புரியும். ஆகவே உடன் சென்ற இந்தியப் பாகர்களிடம் ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டனர். 1957-இல் ஜப்பான் சென்ற நேரு தம் மகளுடன் இந்திராவைப் பார்த்தார். இந்திரா யானை 1983-இல் இறந்தது.

இந்திரா வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் தொடக்கத்திலேயே, தாய்லாந்திலிருந்து ஒரு குட்டி வந்துவிட்டது. போருக்குப் பின் ஜப்பானுக்கு வந்த முதல் யானை அதுவே. அதற்கு ஹனகோ என்று பெயர் சூட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பட்டினியால் இறந்த யானையும் தாய்லாந்திலிருந்து வந்தது, அதுவும் பெண். இழந்தது திரும்பி வந்துவிட்டது என்ற ஆறுதலை அந்தப் பெயர் மக்களுக்குத் தந்தது.

இனோகாஷிராவில்

நகரின் மேற்குப் பகுதிக் குழந்தைகளும் ஹனகோவைக் காண விரும்பினர். 1954-இல் அது இனோகாஷிரா பூங்காவுக்கு மாற்றப்பட்டது. அங்கே வேறு யானை கிடையாது. பெண் யானைகள் தாய், மகள், சகோதரி என்று வாழ்நாள் முழுதும் கூட்டமாக வாழ்பவை. ஏழு வயதில் அங்கு சென்ற ஹனகோ, தன் இனத்தில் இன்னொன்றுடன் சேர்ந்து வாழும் வாய்ப்பைப் பின்னர் பெறவேயில்லை.

1956-இல் இரவில் மதுபோதையில் கொட்டடிக்குள் புகுந்த ஒருவர் ஹனகோவிடம் மிதிபட்டு இறந்தார். 1960-இல் பராமரிப்பாளர் ஒருவரும் அதனால் உயிரிழந்தார். மக்களின் செல்லமாக இருந்த யானை 'கொலைகார யானை' ஆயிற்று. அதைக் கொட்டடிக்குள் சங்கிலியால் கட்டினர். கல்லெறிந்தவர்களும் உண்டு. ஹனகோ உண்ணாமல் எலும்பு தெரிய மெலிந்தது.

அந்த நிலையில் பொறுப்பேற்றவர் யமகாவா செய்சோ. அவர் வந்த சில நாள்களிலேயே சங்கிலியை அவிழ்த்தார். உடலைத் தடவிக்கொடுத்து, பேச்சுக் கொடுத்து, அதன் நம்பிக்கையைப் பெறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹனகோவைக் கவனித்துக்கொண்டார். முதுமையில் ஹனகோவுக்கு ஒரே ஒரு கடைவாய்ப் பல் மிஞ்சியது. யானைக்குப் பல் போனால் உணவை அரைக்க முடியாது. காட்டில் அதுவே ஆயுளின் முடிவு. இனோகாஷிராவில் பராமரிப்பாளர்கள் உணவைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து அதன் வாழ்நாளை நீட்டினர்.

நினைவை மாற்றிய கதை

இதற்கிடையில் முதல் ஹனகோவின் கதை வேறு வடிவம் எடுத்திருந்தது. சுச்சியா யூகியோ உவேனோ யானைகளைப் பற்றி 1951-இல் சிறுவர் கதை ஒன்றை எழுதினார். 1970-இல் அது படநூலாக வந்து பல தலைமுறைக் குழந்தைகளைச் சென்றடைந்தது. போர் முடிந்த நாளான ஆகஸ்ட் 15-இல் அதை வானொலியில் வாசிப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது.

அந்தக் கதையில் தோக்கியோவின் மீது நாள்தோறும் குண்டு விழுகிறது. அந்த நிலையில் யானைகளைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றாகிறது. சிறுவர் இலக்கிய விமர்சகர் ஹாசெகாவா உஷியோ 1980-களின் தொடக்கத்தில் இதைச் சுட்டிக்காட்டினார். கொலை நடந்தபோது குண்டு விழவில்லை என்பதை மறந்தால், மனிதர் எடுத்த முடிவு இயற்கைச் சீற்றத்தைப் போல ஆகிவிடுகிறது. போர் தீயது என்று குழந்தைகள் கற்கின்றனர். செண்டாய் ஏற்க முன்வந்த யானையைச் சாகவிட்டவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. 1943-இன் அஞ்சலித் திரை மறைத்ததையே, நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கதையும் ஓரளவு மறைத்தது.

இறப்பும் சிலையும்

2015-இல் ஹனகோவின் காங்கிரீட் கொட்டடியையும் தனிமையையும் பற்றிய விமர்சனம் உலகெங்கும் பரவியது. அதைத் தாய்லாந்துக்கு அனுப்பக் கோரி லட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். வெளிநாட்டு யானை வல்லுநர் ஒருவர் நேரில் பார்வையிட்டு, அந்த வயதில் இடமாற்றம் பொருந்தாது என்றும், இருக்கும் இடத்தை மேம்படுத்தலாம் என்றும் கருத்துக் கூறினார். உள்ளூர் மக்கள் பலருக்கு இந்த விமர்சனம் வலித்தது. மூன்று தலைமுறையாகத் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்காட்டிய யானையை அவர்கள் வதைத்ததாக எண்ணியதே இல்லை.

2016 மே 26 காலையில் ஹனகோ எழ முடியாமல் படுத்துக்கிடந்தது. நீண்ட நேரம் படுத்தால் உடல் எடையே யானையின் நுரையீரலை அழுத்தும் என்பதால், அதை எழுப்பப் பராமரிப்பாளர்கள் பல மணி நேரம் முயன்றனர். பிற்பகலில் அது இறந்தது. பூங்காவில் மக்கள் மலர்களையும் வாழைப்பழங்களையும் வைத்து அஞ்சலி செலுத்தினர்.

மக்களின் நன்கொடையுடன் உருவான வெண்கலச் சிலை 2017 மே மாதம் கிச்சிஜோஜி நிலையத்தின் வடக்கு வாயில் சதுக்கத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், ஹனகோவின் முன் நின்று எடுத்த குடும்பப் படங்கள் பொதுமக்களிடமிருந்து திரட்டப்பட்டு நூலாக வந்தன. அவற்றின் முன்வரிசையில் மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். உடைகள் மாறுகின்றன, குழந்தைகள் பெற்றோர் ஆகின்றனர். பின்னால் நிற்கும் யானை ஒன்றுதான், அது எப்போதும் தனியாகவே நிற்கிறது.

இரண்டு ஹனகோக்களும் மக்களால் மனமார நேசிக்கப்பட்டவை. முதல் யானைக்கு உயிரோடு இருந்தபோதே அஞ்சலி செய்யப்பட்டது. இரண்டாவது யானையின் தனிமை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, முதுமையில்தான் பெரிய கேள்வியாக எழுந்தது. கிச்சிஜோஜி சிலை அன்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. அந்த அன்பு கொட்டடிக்குள் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதையும் சேர்த்து நினைக்கும்போதே ஹனகோ என்ற பெயரின் வரலாறு முழுமையாகிறது.