பீகார் மண்ணில் பூத்த வெடியுப்பு

பாட்னா, சாப்ரா, முசாபர்பூர் முதலிய ஊர்களில் உத்தியோக நிமித்தம் வாழும் நேயர்கள், மழைக்காலம் கழிந்து வெயில் ஏறும் நாட்களில், பழைய மண்சுவர்களின் அடியிலும் மாட்டுத் தொழுவங்களின் அருகிலும் வெண்மையாக உப்புப் பூத்திருக்கக் கண்டிருக்கக்கூடும். காலில் ஒட்டும் அந்தப் பொடியை நாடித்தான் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பதினேழாம் நூற்றாண்டு தொட்டுப் பாட்னாவில் போட்டியிட்டனர்.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சால்ட்பீட்டர்' என்னும் பெயர், பாறையின் உப்பு என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட எனக்கு, வெடியுப்பு என்ற நம் பெயரே மேலாகப் படுகிறது. பீகாரில் இது பாறையில் பிறப்பதன்று. இதனால் ஆகும் காரியமோ வெடிப்பதுதான். பழைய துப்பாக்கி மருந்தில் 100-க்கு 75 பங்கு இதுவே. எஞ்சியவை கரியும் கந்தகமும். கரியை எங்கும் சுட்டுக்கொள்ளலாம். வெடியுப்புக்கோ ஐரோப்பிய மன்னர்கள் குடிகளின் தொழுவங்களையும் புறாக்கூண்டுகளையும் தோண்டவேண்டியிருந்தது.

மனிதரும் கால்நடையும் நெருங்கி வாழும் மண்ணில் சாணமும் சிறுநீரும் மக்கி, நுண்ணுயிர்களின் செயலால் நைட்ரேட்டாகின்றன. அடுப்புச் சாம்பல் பொட்டாசியத்தை அளிக்கிறது. நோனியா என்னும் வகுப்பார் இம்மண்ணைச் சுரண்டி, வடிதொட்டியில் இட்டு, நீர் ஊற்றி, வடிந்த உவர்நீரைக் காய்ச்சி ஆறவைத்து உப்பைப் பிரித்தனர். இதற்கு வேண்டிய அறிவு முழுவதும் அவர்களுடையது. விலை மட்டும் அவர்களுடையதாக இல்லை. இடைத்தரகரிடம் முன்பணம் பெற்றே வேலை செய்தனர், அக்கடன் அடுத்த பருவத்துக்கும் தொடர்ந்தது.

1693-ஆம் ஆண்டின் சாசனப்படி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுதோறும் 500 டன் வெடியுப்பைத் தன் அரசுக்கு விற்கக் கடமைப்பட்டிருந்தது. பட்டும் துணியும் ஏற்றிய கப்பல்களுக்கு அடிப்பாரமாகவும் அது உதவியது. பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டே, அதாவது 1758-இல், மீர் ஜாபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையைக் கம்பெனி பெற்றுக்கொண்டது. அதன்பின் டச்சுக்காரரும் ஆங்கிலேயர் கையிலிருந்தே சரக்கு வாங்கவேண்டியதாயிற்று. இந்தியச் சரக்குக்கு வழியடைபட்ட பிரான்சு, 1775-இல் வெடிமருந்து நிர்வாகத்தையே புதிதாக அமைத்தது. அதன் பொறுப்பாளருள் ஒருவராக வந்தவர் பெரும் இரசாயன அறிஞர் லவாசியே.

இவ்வணிகத்தின் வலிமை முழுதும் வெளிப்பட்டது 1861-இல்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் கையிருப்பு குறைந்தது. டூபாண்ட் குடும்பத்து லாமோ டூபாண்ட் இலண்டனுக்கு விரைந்து, அங்கிருந்த இந்திய வெடியுப்பைப் பெருமளவில் வாங்கினார். அந்த வேளையில், தென் மாநிலத் தூதர் இருவரை 'டிரெண்ட்' என்னும் பிரிட்டிஷ் கப்பலிலிருந்து வடவர் பிடித்துச் சென்ற செய்தி எட்டியது. பிரதமர் பாமர்ஸ்டனின் அரசு உடனே வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. லிங்கன் அரசு தூதர்களை விடுவித்த பின்னரே, 1862 ஜனவரியில், தடை நீங்கியது. தாங்கள் சுரண்டிய மண் இரு வல்லரசுகளிடையே பேரப்பொருளானதைச் சாரன் மாவட்டத்து நோனியா அறிந்திருக்க நியாயமில்லை.

ஆயின் அதே காலத்தில் இன்றைய சிலி நாட்டுக் கடற்கரைப் பாலைகளின் நைட்ரேட்டு மலிவாக உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கியிருந்தது. 1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை, காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து பெருமளவில் அம்மோனியா செய்தது. சிலியின் செல்வாக்கும் அதனால் பின்னர்ச் சரிந்தது.

பீகாரில் தொழில் சுருங்கியபோதும் கெடுபிடி சுருங்கவில்லை. வெடியுப்பைக் காய்ச்சுகையில் சமையலுப்பும் பிரிந்துவரும். உப்புவரிக்குப் பங்கம் நேருமென்று அரசு உரிமச்சீட்டு கேட்டது, அதிகாரிகளை அனுப்பிக் கொதிகலன்களைச் சோதித்தது. நோனியாக்களுள் பலர் மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சாலை, குளம், இருப்புப்பாதை வேலைகளுக்கு மண் வெட்டப் புறப்பட்டுப் போயினர்.